ஹர்ஷ்மணியின் முதுகு

ஹர்ஷ்மணி செம்வாலின் முதுகைத் தெரியாதவர்கள் ரிஷிகேஷின் தபோவன் பகுதியில் இல்லை. பெர்லினிலும் பியூனஸ் அயர்ஸிலும்கூட அதைப் பற்றி நாலு பேருக்குத் தெரியும். இரண்டு வருடம் படுக்கையில் கிடந்த முதுகு அது. தில்லியில் மூன்று பெரிய டாக்டர்கள் கைவிரித்த முதுகு. கங்கோத்ரிக்கு மேலே ஒரு குகையில், நூற்றுப் பன்னிரண்டு வயது பாபா ஒருவர் தொட்டு எழுப்பிவிட்ட முதுகு.

அவன் மனைவி சதேஸ்வரிக்குத் தெரிந்த முதுகு வேறு. கல்யாணமான புதிதில் அவன் அதில் காஸ் சிலிண்டர் சுமந்தான். சிலிண்டர் உரசிய இடத்தில் பனியன் துருப்பிடித்தது போல் பழுப்பேறியிருக்கும். அதைக் கல்லில் அடித்துத் துவைத்தவள் அவள். அந்த முதுகுக்கு ஒருநாளும் ஒரு சுளுக்குக்கூட வந்ததில்லை.

ஹர்ஷ்மணி பிறந்தது தேவப்பிரயாகைக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில். அப்பா சுற்றுவட்டாரத்துக்குப் புரோகிதர். மகனுக்கு மந்திரமும் ஏறவில்லை, பத்தாம் வகுப்பும் ஏறவில்லை. ரிஷிகேஷுக்கு இறங்கி வந்து சிலிண்டர் தூக்கினான். பிறகு ஆற்றைப் பார்த்த ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவினான். அங்கே வந்து மாதக்கணக்கில் கிடந்த இஸ்ரேல் பையன்களிடம் இங்கிலீஷ் கற்றுக்கொண்டான். அதனால் ரொம்ப நாளைக்கு அவன் இங்கிலீஷில் பாதி கெட்ட வார்த்தையாக இருந்தது. அதற்குப் பிறகு ஓர் ஆசிரமத்தில் கூடம் பெருக்கும் வேலை. வகுப்பு முடிந்து எல்லோரும் போனதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பார்த்ததையெல்லாம் செய்து பார்ப்பான். ஒரே வாரத்தில் காலைத் தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் போட்டுக்கொண்டான். அதில் யோகம் ஒன்றும் இல்லை. அந்தக் குடும்பத்தில் எல்லோருக்குமே மூட்டு தளர்ச்சி. அவனுடைய அத்தை வயலில் குந்தினால் முழங்கால் காதைத் தாண்டிப் போகும். அவளிடம் யாரும் வந்து ஆசி வாங்கவில்லை.

அவனுக்கு விடிந்தது ஒரு ஓட்டத்தால். பக்கத்து யோகப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த வாத்தியார், பாதி வகுப்பில் ஒரு சுவிஸ் மாணவியோடு ஓடிப்போனார். பள்ளி முதலாளிக்கு மிச்ச நாட்களை ஓட்ட ஓர் ஆள் வேண்டும். கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் தாடி, ரப்பர் மாதிரி உடம்பு. ஹர்ஷ்மணியிடம் மூன்றும் இருந்தன.

அந்தப் பள்ளியில் மட்டுமல்ல, தபோவனில் எல்லாப் பள்ளியிலும் கடைசி நாளன்று வட்டம் கட்டி உட்காருவார்கள். நடுவில் ஒரு விளக்கும் கொஞ்சம் சாமந்திப் பூவும் இருக்கும். யோகம் தனக்கு என்ன கொடுத்தது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சொல்லும்போது அழ வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் அழாதவரை மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஹர்ஷ்மணியின் முதல் வட்டத்தில் ஒருத்தி புருஷன் விட்டுப் போனதைச் சொன்னாள். ஒருவன் குடியைச் சொன்னான். இன்னொருத்தி மார்பில் வந்த கட்டியைச் சொன்னாள். பிறகு எல்லா முகங்களும் ஈரக் கண்ணோடு அவன் பக்கம் திரும்பின. "குருஜி, உங்களை யோகத்துக்குக் கொண்டுவந்தது எது?"

அவனைக் கொண்டுவந்தது இரண்டு வேளைச் சாப்பாடும், குளியலறை சேர்ந்த ஓர் அறையும். அதை அங்கே எப்படிச் சொல்வது? அவன் வாயில் முதுகு வந்தது. மலைப்பாதையில் சுமையோடு விழுந்தேன் என்று ஆரம்பித்தான். முடிக்கும்போது அவனும் அழுதுகொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து அதைச் சதேஸ்வரியிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னான். அவளும் வயிறு வலிக்கச் சிரித்தாள். அது பொய் என்று அன்றைக்கு இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

முதுகு அதன் பிறகு வளர்ந்தது. படுத்துக் கிடந்த மாதங்கள் வருடங்கள் ஆயின. ஒரு டாக்டர் மூன்று டாக்டர் ஆனார். பாபாவுக்கு ஆரம்பத்தில் எண்பது வயதுதான். ஒவ்வொரு பேட்சிலும் அவருக்கு மட்டும் பிறந்தநாள் சீக்கிரம் வந்தது. ஹர்ஷ்மணி சொந்தமாகப் பள்ளி தொடங்கினான். மூன்று மாடிக் கட்டிடத்தை வாடகைக்கு எடுத்து, மேலே கூடம், நடுவில் அறைகள், கீழே சமையலறை. வாசல் பலகையில் அவன் கங்கைக்கரை மணலில் தேள் வாலைத் தூக்குவது மாதிரி காலைத் தூக்கி நிற்கும் படம். பாபா சொல்லிக்கொடுத்ததாக ஏழு ஆசனங்களைக் கோத்து அதற்கு மேரு கிரமம் என்று பேர் வைத்தான். அந்த ஏழையும் அவன் எப்படித் தேர்ந்தெடுத்தான் என்பதும் சதேஸ்வரிக்குத் தெரியும். போட்டோவில் எது நன்றாக விழுகிறதோ அது.

சமையல் அவளுடையது. கேழ்வரகு ரொட்டி, கொள்ளுப் பருப்பு, குதிரைவாலிப் பாயசம். வெங்காயம் பூண்டு கிடையாது, அது மனதைக் கலக்கும் என்று ஹர்ஷ்மணி மாடியில் பாடம் எடுப்பான். எடுத்துவிட்டுக் கீழே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பச்சை வெங்காயத்தைக் கையால் குத்தி உப்புத் தொட்டுத் தின்பான். யோகம் செய்தால் கோபம் போகும் என்று சொல்வான், ரொட்டி ஓரம் கருகியிருந்தால் தட்டைத் தள்ளுவான். யோகம் செய்தால் தூக்கம் வரும் என்பான். டிவி ஓடாமல் அவனுக்குத் தூக்கம் வராது. ரத்த அழுத்த மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தான், மாணவர்கள் யாராவது சமையலறைக்கு வந்தால் கண்ணில் பட்டுவிடுமாம்.

அவளுக்கு அவன் மேல் இருந்த இளக்காரம் ஒரே நாளில் வந்ததல்ல. பானையில் கறை ஏறுவது போல் ஏறியது. மாணவர்கள் மேல் மட்டும் மரியாதை இருந்ததா என்றால் அதுவும் இல்லை. கடைசி நாள் வட்டத்துக்குப் பாயசம் எடுத்துக்கொண்டு போய் வாசலில் நிற்பாள். அத்தனை வருடம் காதில் விழுந்ததில் அவளுக்கு இங்கிலீஷ் புரியும். ஒருத்தி, அப்பா மேல் இருந்த கோபமெல்லாம் தன் இடுப்பில் சேர்ந்திருந்தது என்றும், கபோதாசனத்தில் அது கரைந்து போய்விட்டது என்றும் சொல்வாள். கரைந்தால் எங்கே போகும், பாயில்தானே என்று சதேஸ்வரி நினைத்துக்கொள்வாள். அந்தப் பாயை அடுத்த பேட்சுக்குத் துடைத்து வைக்க வேண்டியவள் அவள்.

ஒரு வருடம் பிப்ரவரியில் நல்ல குளிர். ஹர்ஷ்மணி குளியலறையில் வெந்நீர் வாளியைத் தூக்கக் குனிந்தான். குனிந்த இடத்தில் தும்மினான். அவ்வளவுதான். மலைப்பாதை இல்லை, சுமை இல்லை, ஒரு பிளாஸ்டிக் வாளியும் ஒரு தும்மலும். சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் வெளியே வந்தபோது முகம் சுண்ணாம்பாக இருந்தது. இடது பிட்டத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் யாரோ சூடான கம்பியை இழுப்பது போல் இருக்கிறது என்றான்.

சதேஸ்வரி பயந்துபோய் டாக்டரிடம் போகலாம் என்றாள். அவன் அவளை விசித்திரமாகப் பார்த்தான்.

"டாக்டரா? எதுக்கு? எனக்குத்தான் இதோட வைத்தியம் தெரியுமே."

"என்ன வைத்தியம்?"

"மேரு கிரமம். அப்பவும் அதுலதானே எழுந்தேன்."

அவள் கையில் இருந்த துண்டைக் கீழே வைத்தாள். "எப்போ?"

"அப்போ. படுத்துக்கிடந்தேன் இல்ல."

"எங்கே படுத்துக்கிடந்தீங்க? நீங்க சிலிண்டர் தூக்கிக்கிட்டிருந்தீங்க. என்கிட்டயேவா?"

அவன் சிரிக்கவில்லை. அவள்தான் பொய் சொல்கிறாள் என்பது போலவும், ஆனால் அதை மன்னித்துவிட்டது போலவும் ஒரு பார்வை பார்த்தான். "உனக்குத் தெரியாது சதேஸி. அந்த வலி உனக்குத் தெரியாது" என்றான்.

அவன் நடிக்கிறான் என்று முதலில் நினைத்தாள். மாடியில் மாணவர்கள் இருக்கிறார்கள், காதில் விழும் என்று பார்க்கிறான் போலிருக்கிறது என்று கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகும் அவன் அதையேதான் சொன்னான். பாபா அவன் முதுகில் கை வைத்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வருடக்கணக்கில் ஊரார் காதில் சுற்றிய பூவை அவன் தன் காதிலும் சுற்றிக்கொண்டுவிட்டான். திருடன் தான் ஒளித்த நகையைத் தானே தேடி அலைவதைப் பார்த்தது போல் இருந்தது அவளுக்கு.

அறையைப் பூட்டிக்கொண்டு அவன் தன் வைத்தியத்தை ஆரம்பித்தான். நசுங்கிய நரம்பை வைத்துக்கொண்டு தனுராசனம். முனகல் கேட்கும். பிறகு ஹலாசனம், காலைத் தூக்கித் தலைக்குப் பின்னால். அதில் கத்தல் கேட்கும். முடித்து வெளியே வந்து, நஞ்சு இறங்குகிறது, முதலில் கூடித்தான் பிறகு குறையும் என்று பாபா சொல்லியிருக்கிறார் என்பான். பாபாவைப் படைத்தவன் பாபாவுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தான்.

சதேஸ்வரியின் தம்பி பீதாம்பர் பத்ரிநாத் சாலையில் ஜீப் ஓட்டுகிறவன். அக்கா போன் செய்ததும் வந்தான். தான் ஜீஜா என்று கூப்பிடும் அக்கா புருஷன் கட்டிலில் குறுக்கே கிடந்ததைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஜீஜா, உங்க பாபாவுக்கு ஒரு போன் போடுங்களேன். குகையில டவர் கிடைக்குதான்னு பாப்போம்."

"உங்கிட்ட ஜீப் இருக்கு, அறிவு இல்ல" என்றான் ஹர்ஷ்மணி, கண்ணை மூடியபடி.

"அதான் கேக்கறேன், ஜீப்ல ஏறுங்க. டேராடூன்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. யாருக்கும் தெரியாம கூட்டிட்டுப் போறேன். வேணும்னா போர்வையால மூடிக்கங்க."

அவன் வரமாட்டேன் என்றுவிட்டான். அக்காவும் தம்பியும் மாறி மாறிச் சொன்னார்கள், திட்டினார்கள், பீதாம்பர் ஒருமுறை காலைக்கூடப் பிடித்தான். பேச்சு வளர்ந்து, ஊருக்குத் தெரிந்தால் பள்ளி என்ன ஆகும் என்று ஹர்ஷ்மணி கேட்டபோது சதேஸ்வரிக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த ஒரு கேள்வியிலாவது பழைய ஆள் இருந்தான். மார்ச்சில் யோக விழா, அதற்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவன் முதுகை நம்பித்தான் பணம் கட்டியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள், அவன் முற்றத்தில் நடந்து போகையில் இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. வெறுங்காலோடு ஈரத்தில் நடந்து படி வரை போனான். சதேஸ்வரி செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். பாதம் முன்பக்கம் தொங்கிப் படியில் தட்டியது. உள்ளங்காலில் நகத்தால் கீறினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஆளிடம் போய் யாருக்கோ என்பது போல் விசாரித்தாள். பாதம் தொங்க ஆரம்பித்துவிட்டால் நாள் கடத்தக்கூடாது, அப்புறம் அந்தக் கால் திரும்பி வராது என்று அவர் சொன்னார்.

அவள் அவனை எவ்வளவு ஏளனமாக நினைத்தாலும், காலை இழுத்துக்கொண்டு நடக்கும் ஹர்ஷ்மணியை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த ஆளிடம் உண்மையாக இருந்தது அந்த உடம்பு ஒன்றுதான். அதையும் தோற்றுவிட்டால் மிச்சம் என்ன?

பேட்சின் கடைசி நாள் வந்தது. வட்டத்துக்கு முன்பு குருஜி செய்து காட்டும் வகுப்பு ஒன்று உண்டு. சதேஸ்வரி வேண்டாம் என்றாள். கைத்தடி வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடி பேசுங்கள், போதும் என்றாள். அவன் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த மாத்திரையை எடுத்து வெந்நீரில் விழுங்கிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து மாடிப்படி ஏறினான்.

சாப்பாட்டு நேரம் ஆயிற்று. கிச்சடி ஆறி ஏடு கட்டியது. மாடியில் சத்தமே இல்லை. சமையல்காரிக்கு எரிச்சல் வருமா வராதா? கரண்டியோடு ஏறிப் போனாள்.

கூடத்தில் ஒரு டஜன் பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஹர்ஷ்மணி பச்சிமோத்தானாசனத்தில் இருந்தான். காலை நீட்டி, குனிந்து, பாதங்களைப் பிடித்து, முகத்தை முழங்காலில் புதைத்து, மடித்த கடிதம் மாதிரி. அந்தப் பள்ளியில் ஒரு விதி. குருஜி ஆசனத்தில் இருக்கும்வரை யாரும் அசையக்கூடாது. அவர் எழுந்து மூன்று முறை ஓம் சொன்னால்தான் வகுப்பு முடியும். அவர் எழவில்லை. ஆகவே வகுப்பும் முடியவில்லை. கால் மரத்துப் போனவர்களின் முகத்திலும் ஒரு பெருமை தெரிந்தது. குருஜி சமாதியில் இருக்கிறார், நாங்கள் கூட இருக்கிறோம்.

சதேஸ்வரி பக்கத்தில் போய் மண்டியிட்டாள். அவன் காதோரம் வியர்வை சொட்டியது. அவர்கள் தங்கள் மலைப்பேச்சான கட்வாலியில் கிசுகிசுத்தார்கள்.

"என்ன மகராஜ், சாப்பிட வரல?"

"எழுந்துக்க முடியல."

"எவ்வளவு நேரமா?"

"ரொம்ப நேரமா. நிமிர்ந்தா உயிர் போகுது. நீ இவங்கள அனுப்பு. சமாதின்னு சொல்லு. சத்தமில்லாம சாப்பிடப் போகச் சொல்லு."

"ஓம் சொல்லி முடிங்க. நான் தூக்க ஆள் கூப்பிடறேன்."

"மாட்டேன். பாத்துடுவாங்க."

முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் திறந்து, இந்தக் கிசுகிசுப்பை ஏதோ வேத மந்திரம் என்று எண்ணிக்கொண்டு நெஞ்சில் கை வைத்தாள். சதேஸ்வரிக்கு அவள் தலையில் கரண்டியால் ஒன்று போட வேண்டும் போல் இருந்தது.

பின்வரிசையிலிருந்து மாரிட் எழுந்து வந்தாள். பின்லாந்துக்காரி, ஊரில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். அந்த பேட்சில் அழாத ஒரே ஆள். குருஜியின் இடது பாதத்தைப் பார்த்தாள், கட்டைவிரலைத் தொட்டாள், அழுத்தினாள். எத்தனை நாளாக இப்படி என்று சதேஸ்வரியிடம் கேட்டாள்.

அவன் முழங்காலுக்குள்ளிருந்து, கட்வாலியில், சொல்லாதே என்றான்.

"கால் போச்சு" என்றாள் சதேஸ்வரி தன் சமையலறை இங்கிலீஷில். "முதுகு முடிஞ்சுது. டாக்டர் வேணும். பொய் நிறைய, டாக்டர் இல்ல."

அதற்குள் முழங்காலுக்குள்ளிருந்து இங்கிலீஷ் வந்தது. கமறிய குரல், ஆனால் வட்டத்தில் பேசும் அதே குரல். பழைய காயம் வெளியே வருகிறது, உடம்பு தன் கடைசி முடிச்சை அவிழ்க்கிறது, யாரும் பயப்பட வேண்டாம் என்றான். கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. அவருக்கு நம் சக்தியை அனுப்புவோம் என்று ஒருவன் சொன்னான். எல்லோரும் உள்ளங்கையை ஹர்ஷ்மணி பக்கம் நீட்டினார்கள், குளிருக்கு அடுப்பில் காட்டுவது போல. மாரிட் தூக்குவதற்கு ஆள் வேண்டும் என்று கத்தினாள். ஒருவரும் அசையவில்லை. குருஜி முடிக்கவில்லையே.

தடி தடியாக வாலிபர்கள் நாலு பேர், தூக்கினால் ஒரு நிமிட வேலை. இந்தக் கூட்டத்திடம் கெஞ்சிப் பயனில்லை என்று சதேஸ்வரிக்குத் தெரிந்தது. அவள் புருஷன் பக்கத்தில், குருஜி உட்காரும் பலகையில் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கரண்டியை மடியில் வைத்துக்கொண்டாள். மலையில் எதிர்ச்சரிவுக்குக் கேட்கக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது.

"ஓம்ம்ம்" என்றாள்.

கூடம் திடுக்கிட்டது. திடுக்கிட்ட வாய்கள் பழக்கத்தில் தாமாகவே திறந்து ஓம் என்றன. இரண்டாவது முறை சொன்னபோது எல்லோரும் சேர்ந்தே சொன்னார்கள். மூன்றாவது முடிந்ததும் குனிந்து கும்பிட்டார்கள், கண்ணைத் துடைத்தார்கள், பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். வகுப்பு முடிந்துவிட்டது. இப்போது வேலை சொன்னால் செய்வார்கள். சொன்னாள், செய்தார்கள். மாரிட் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்ட, மடிந்த ஹர்ஷ்மணியை மடிந்தபடியே பக்கவாட்டில் சாய்த்து, போர்வையில் ஏற்றி, மாடிப்படி வழியாக இறக்கினார்கள். அவன் வழி நெடுக இரண்டு மொழிகளில் கத்தினான். இஸ்ரேல் பையன்கள் கற்றுக்கொடுத்த வார்த்தைகள் எல்லாம் பத்திரமாக இருந்தன.

அன்று காலையிலேயே அக்கா வரச் சொல்லியிருந்ததால், பீதாம்பர் ஜீப்பின் பின்சீட்டை ஏற்கெனவே கழற்றி வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். கதவைச் சாத்தும்போது, "ஜீஜா, குகைக்கா, டேராடூனுக்கா?" என்று கேட்டான். ஹர்ஷ்மணி அழுதுகொண்டிருந்தான். வட்டத்தில் அழும் அழுகை இல்லை அது. மூக்கு ஒழுக, அசிங்கமாக, ஒரு குழந்தை அழுவது போல.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, மறுநாள் காலையிலேயே முதுகைக் கீறி ஆபரேஷன் செய்தார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் காலை மறந்துவிட வேண்டியதுதான், இப்போதும் கால் எவ்வளவு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். இதற்கு முன் இங்கே அடிபட்டதுண்டா என்று கேட்டார். ஹர்ஷ்மணி வாயைத் திறந்தான். சதேஸ்வரி அவனையே பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். இல்லை என்று அவள் சொன்னாள்.

பள்ளி மூழ்கிவிடும் என்று அவள் எதிர்பார்த்தாள். மூழ்கியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். ஆனால் அந்தப் பேட்ச் ஆட்கள் ஊருக்குப் போய் எழுதியதே வேறு. உடைந்த முதுகை இத்தனை வருடம் யோகத்தால் மட்டுமே தாங்கிப் பிடித்திருந்த மனிதர் என்று எழுதினார்கள். வலியின் உச்சத்திலும் எங்களுக்குப் பாடம் நடத்தினார் என்று எழுதினார்கள். கரண்டியோடு ஓம் சொன்ன குருமாதாவைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அடுத்த பேட்சுக்கு இடம் இல்லாமல் போயிற்று. ஏமாற வருகிறவர்களுக்கு ஒரு நாளும் குறைவில்லை, அவர்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள்தான் இல்லை என்று பீதாம்பரிடம் சொன்னாள்.

ஹர்ஷ்மணி வீடு திரும்பினான். ஆசனங்களைச் செய்து காட்ட உத்தரகாசியிலிருந்து ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தான். அவன் நாற்காலியில் உட்கார்ந்து பேசினான். கதையை விட்டானா? விடவில்லை. இப்போது தழும்பு வேறு இருந்தது, சட்டையைத் தூக்கிக் காட்ட. மாடியிலிருந்து அந்தக் குரல் இறங்கி வரும்போதெல்லாம் சதேஸ்வரி மிக்ஸியைப் போடுவாள்.

ஆனால் கால் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் ஒருத்தி, சின்னப் பெண், கொஞ்சம் அசைவுகள் கொடுத்து அனுப்பியிருந்தாள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்க வேண்டும். இடுப்பை ஒரு விரற்கடை தரையோடு அழுத்தி விட வேண்டும். ஒரு காலைக் கொஞ்சம் தூக்கி இறக்க வேண்டும். தூக்கும்போது மூச்சை விட வேண்டும். அவ்வளவுதான். பார்க்கத் தூக்கம் வராதவன் புரள்வது போல இருக்கும். எந்தப் பலகையிலும் படமாகப் போட முடியாது, யாரும் காசு கொடுத்துப் பார்க்க மாட்டார்கள். இவற்றை ஒருநாள் விட்டாலும் பாதம் தொங்கிவிடும் என்று அவள் பயமுறுத்தியிருந்தாள். பயம் ஒன்றுதான் ஹர்ஷ்மணியிடம் வேலை செய்தது. தினமும் விடிந்ததும், கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்காத ஒரு விஷயத்தை அவன் வாழ்க்கையில் முதல்முறையாகச் செய்தான்.

பார்க்க ஆள் இல்லாவிட்டால் அவன் ஏமாற்றுவான் என்று சதேஸ்வரிக்குத் தெரியும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணினாள். சும்மா உட்கார்ந்து எண்ணுவது அலுப்பாக இருந்தது. ஒருநாள் அவளும் படுத்துக்கொண்டு எண்ணினாள். படுத்தபிறகு முழங்காலை மடக்குவது சுலபமாக இருந்தது. அப்புறம் அதுவே பழக்கமாயிற்று. தரை முதலில் சில்லென்று இருக்கும். முதுகு கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு இறங்கும். அந்த நேரத்தில் பால்காரன் கூப்பிட்டாலும் எழுந்து போக வேண்டியதில்லை, குருஜியின் வைத்தியம் நடக்கிறதாம். மூச்சு உள்ளே போய் வருவதை அவள் அதற்கு முன்பு கவனித்ததே இல்லை. கவனிக்க ஏது நேரம்?

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு காலையில் ஹர்ஷ்மணி தன் இடது பாதத்தைத் தானே மேலே மடக்கினான். கட்டைவிரல் கூரையைப் பார்த்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். சதேஸ்வரி எண்ணுவதை நிறுத்திவிட்டிருந்தாள். பிறகு எழுந்திருக்கப் போனாள், கையை ஊன்றாமலே எழுந்துவிட்டாள். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"நீ கைய ஊன்றி, ஆஊன்னு முனகிக்கிட்டுத்தானே எழுந்திருப்பே?"

"ஆமா."

"உனக்கும் இடுப்பு வலி உண்டா?"

"புல்லுக்கட்டு சுமந்த நாள்லேர்ந்து. அப்புறம் உங்க பள்ளிக்குச் சமைக்கிற அண்டா வேற."

"சொல்லவே இல்லையே."

"வலியெல்லாம் இந்த வீட்டுல உங்களுதுதானே, மகராஜ். நான் எங்கேர்ந்து எடுத்துக்கறது?"

அவன் தலையை அவள் பக்கம் திருப்பினான். "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டான். தாழ்ந்த குரலில் கேட்டான். அவள் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். காலையில் குனிந்து அடுப்பைப் பற்றவைக்க முடிகிறது என்றும், பேருந்தில் நிற்க முடிகிறது என்றும், சில நாள் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே விடியட்டும் என்று இருக்கிறது என்றும் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்து அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் ஈரம் கூடிக்கொண்டிருந்தது. உதடு மெல்ல அசைந்தது. அவளுக்கு அந்த அசைவு தெரியும். வார்த்தைகளை வரிசையாக அடுக்குகிறான். என் மனைவி, இருபது வருடம், ஒரு வார்த்தை சொல்லாமல்.

"மாடியில போய் இதைச் சொன்னீங்கன்னா" என்றாள், "மறுபடியும் ஆஸ்பத்திரிதான். இந்த முறை நானே உடைப்பேன்."

"சொல்லமாட்டேன்."

அவள் நம்பவில்லை. ஆனாலும் மறுபடி படுத்தாள். அவளுக்கு இன்னும் ஒரு கால் பாக்கி இருந்தது. முழங்காலை மடக்கி, மூச்சை விட்டு, மெதுவாகத் தூக்கினாள்.

"எண்ணுங்க" என்றாள்.